கரடியின் காது

"நிமிந்து நில்லு சுண்டு. தாடையத் தூக்காத. மூச்ச அடக்காதடா, அதனாலெல்லாம் வளர முடியாது."

சமையலறைக் கதவு நிலையில் மகளை முதுகு ஒட்ட நிறுத்தி, தலைமேல் ஸ்கேலைப் படுக்கவைத்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கோடு போட்டார் என் கணவர். போன வாரம் போட்ட கோட்டின் மேலேயே அது விழுந்தது. பென்சிலைத் திருப்பிக் காதில் செருகிக்கொண்டு, கதவு நிலையே பொய் சொல்வதுபோல அதை முறைத்துப் பார்த்தார். அதற்கு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு, சிவப்பு மையில் இன்னொரு கோடு இருந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கரடியின் காது.

நாங்கள் வெளிநாடு போகப்போகிறோம். மூன்று பேரில் ஒருவரும் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. போகிற இடத்தில் ஊர் பார்க்கப் போவதில்லை; ஒரு பெரிய விளையாட்டுப் பூங்கா, அவ்வளவுதான். அங்கே தலைகீழாகச் சுற்றி வரும் ரயில் ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் மரத்தில் செய்த கரடி நிற்கிறதாம். பிள்ளையின் தலை அந்தக் கரடியின் காதைத் தொட்டால் ரயிலில் ஏற்றுவார்கள், தொடாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த உயரத்தை இணையத்தில் தேடி எடுத்து எங்கள் கதவில் சிவப்பாகக் கோடு போட்டவர் இவர்தான்.

இந்தப் பயணமே என் நாத்தனாரின் ஏற்பாடு. வேறு ஊரில் இருந்துகொண்டு எங்கள் வீட்டையும் சேர்த்து நடத்துபவர் அவர். "ரெண்டு குடும்பமும் சேந்து போறோம்" என்று ஒருநாள் போனில் அறிவித்தார். மறுநாளே வாட்ஸப்பில் குழு ஆரம்பித்தார். எந்த ஓட்டல், எந்தப் பெட்டி, எந்த நாளில் எந்த நிறச் சட்டை எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார். அவருக்கு ஒரே மகன். சுண்டுவைவிட சில மாதங்கள்தான் மூத்தவன், ஆனால் பார்த்தால் அண்ணன் என்றுதான் சொல்வார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எப்போதும் "எங்க சிங்கம்"தான். என் மகளுக்குச் சுண்டு என்று பெயர் வைத்தவரும் அவரே. பிறந்த அன்று தொட்டிலை எட்டிப் பார்த்து, "சுண்டெலி மாதிரில்ல இருக்கு!" என்றார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், என் வாயை என்ன செய்ய.

ஐந்து வயதுப் பெண்ணுக்கு உயரம் என்ற ஒன்று இருப்பதே இந்தப் பயணம் வரும்வரை தெரியாது. அதன் பிறகு ஜன்னல் கம்பியில் தொங்கினாள். பாலைக் குடித்துவிட்டு டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல் கதவு நிலைக்கு ஓடினாள். "அம்மா, இப்ப?" என்பாள். "தூங்கினாத்தான் வளரும்" என்று சொன்னால் பட்டப்பகலில் போய்ப் படுத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. டாக்டரிடம் காட்டினேன். அவர் அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கா, மெதுவா வளருவா, விடுங்க" என்றார். நான் விட்டுவிட்டேன். இவர் விடவில்லை.

இவர் தொழில் செருப்பு, ஷூ தைப்பது. சாதாரண ஷூ அல்ல. ஒரு கால் குட்டையாக இருப்பவர்கள், விபத்தில் அடிபட்டவர்கள், பாதம் வளைந்தவர்கள் இவர்களுக்கெல்லாம் அளவெடுத்துச் செய்வது. ஷூவுக்குள் கார்க்கை அடுக்கடுக்காக ஒட்டி, தேய்த்து, மேலே தோல் போட்டு மூடிவிடுவார். வரும்போது விந்தி விந்தி வருபவர் போகும்போது கடைக் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நேராக நடந்து போவார். அதைப் பார்க்கையில் இவர்மேல் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும்.

ஒருநாள் மாலை ஒரு ஜோடி வெள்ளை ஷூவோடு வந்தார். கணுக்காலுக்கு மேல் ஏறும் ஷூ, பக்கவாட்டில் நீல நிறத்தில் ஒரு நட்சத்திரம். "ஊருக்குப் போறதுக்கு. நானே தச்சேன்" என்றார். சுண்டு போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். வழக்கமான துள்ளல் இல்லை. புது ஷூ, கடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறை விளக்கு எரிந்தது. அந்த சுவிட்ச் அவளுக்கு எட்டாது. ஒவ்வொரு தடவையும் யாராவது போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஸ்டூலை இழுத்துக்கொண்டு போவாள். வெளியே வந்தவள் கையைத் துடைத்தபடி, "நானே போட்டேன்" என்றாள். ஒரு நிமிடம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தூக்கி முத்தம்கூடக் கொடுத்துவிட்டேன். கீழே இறக்கிவிடும்போதுதான் அந்த ஷூ கண்ணில் பட்டது.

அவள் கழற்றிப் போட்ட பிறகு உள்ளே கை விட்டுப் பார்த்தேன். விரலுக்குத் தட்டுப்பட்டது என்ன என்று தெரிய எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. வெளியே ஒரு விரல் தடிமனுக்கு அடி, உள்ளே ஒரு விரல் கார்க்.

சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஷூவை அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல என்னங்க வச்சிருக்கீங்க?"

"கார்க்குதான். ரொம்ப லேசு. கால ஒண்ணும் பண்ணாது."

"காலப் பத்தியா கேட்டேன்? அந்த ரயில்ல ஒரு கம்பி வந்து தோள அமுக்கிப் பிடிக்கும். இவ உயரத்துக்கு அது பிடிக்காது, அதனாலதான் ஏத்த மாட்டேங்கறாங்க. அந்தக் கம்பி ஷூவையா பிடிக்கப் போகுது?"

லிஃப்ட் கம்பெனியில் பழுது என்று கூப்பிடுபவர்களின் போனை எடுப்பது என் வேலை. கதவு மூடக் கூடாதென்று இடுக்கில் அட்டையைச் சொருகி வைத்தவர்கள், அதே லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு என்னிடம் அழுவார்கள். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

"நான் பக்கத்துலதான உக்காரப் போறேன். பிடிச்சுக்க மாட்டேனா?"

"தலைகீழா சுத்தும்போதா?"

டம்ளரைக் கழுவினார். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினார்.

"சிங்கம் ஏறிப் போவான். இவ கீழ நின்னு கை தட்டணும். எங்கக்கா அத வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புவா. அப்படி நிக்கறது எப்படி இருக்கும்னு உனக்கு என்ன தெரியும்? நீ நெடுநெடுன்னு வளந்தவ."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நம்ம கல்யாணப் போட்டோல நீங்க போட்டிருந்த ஷூ பரண்லதான் இருக்கு. அதுக்குள்ளயும் கை விட்டுப் பாத்திருக்கேன்."

அந்தப் போட்டோவில் எங்கள் தலைகள் இரண்டும் சமமாக இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு பார்த்தபோதெல்லாம் ஷூ காலோடுதான் வந்தார். கல்யாணமான முதல் நாள் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் என் காது வரைதான் இருந்தார். கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து தட்டைச் செருப்புதான் போடுகிறேன். ஏன் என்று அவரும் கேட்டதில்லை. அதைத்தான் நான் இத்தனை வருடமும் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் முகம் கறுத்துப்போயிற்று.

"தெரிஞ்சும் அப்ப சும்மா இருந்தேல்ல?" என்றார். "இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

சுருக்கென்றது. கத்தியை எடுத்து ஷூவைக் கிழிக்கப் போனேன். "குடு, நாசம் பண்ணிடாத" என்று வாங்கிக்கொண்டு, தன் பையிலிருந்த வளைந்த உளியால் உள்ளே இருந்ததை அவரே பெயர்த்து எடுத்தார். வெளி அடியையும் பிரித்து மெல்லியதாக வேறு ஒட்டினார். ஒரு கீறல் விழவில்லை. வேலையென்றால் அவ்வளவு சுத்தம்.

மறுநாள் காலை சுண்டு ஷூவை மாட்டிக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போனாள். கையை உயர்த்தினாள். விரல் நுனி சுவிட்சுக்குக் கீழே சுவரைத்தான் தடவியது. எக்கினாள். பிறகு உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இது ரிப்பேராயிடுச்சு" என்று கொண்டுபோய் நீட்டினாள். "சரி பண்ணிக் குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளை இழுத்து மடியில் வைத்து, அந்த ரயில் பெரியவர்களுக்கானது, உனக்குக் குட்டிப் படகு இருக்கிறது, வாத்து இருக்கிறது என்று என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அழுதிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலை நாத்தனார் வீடியோவில் வந்தார். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து மேஜையைச் சுற்றி மூவரும் நின்றோம். அந்தப் பக்கம் சிங்கம் புதுத் தொப்பியோடு குதித்துக்கொண்டிருந்தான்.

"எங்கடி சுண்டு? அந்த ரயில்ல ஏறுவாளா மாட்டாளா? இப்பவே சொல்லிடு தம்பி, நான் ஆன்லைன்ல எடம் பிடிக்கணும்."

இவர் தொண்டையைச் செருமினார். "அவளுக்கு அது வேணாமாம்க்கா. பயமாம்."

"அப்படியே உன்ன மாதிரி!" என்று நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எனக்குப் பயமில்ல" என்றாள் சுண்டு. எங்களை விலக்கிக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அட! வளந்துட்டாளே!" நாத்தனார் சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் வந்தார். "இங்க பாருடா, அவ கழுத்து வரைக்கும் தெரியுது. போன தடவ பேசறப்ப வெறும் நெத்திதானே தெரிஞ்சுது? அப்ப எல்லாருக்கும் சேத்தே பிடிச்சுடறேன்."

இவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணப் போட்டோவில் இருக்கும் அதே சிரிப்பு. நான் வாயைத் திறந்தேன். அப்போது சுண்டு திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று அவள் கண் கெஞ்சியது.

போனில் அவள் கழுத்து வரைதான் தெரிந்தது. இந்தப் பக்கம் நின்ற எனக்கு மீதியும் தெரிந்தது. இரண்டு கைகளாலும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள். வெறுங்கால். விரல் நுனிகள் வெளுத்துப்போக, தரையில் படாமல் தூக்கிய குதிகால்கள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.