தரையைத் தொடாத துண்டு

துண்டு காற்றில் தொங்குகிறது, ஒரு முனை என் இடுப்பில், மறுமுனை தேசிங்கின் இடுப்பில், தொய்யவும் இல்லை, விறைக்கவும் இல்லை, காசிமேட்டு அந்தோணியார்மேல் ஆணை, இனி சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய் என்றாலும் என் பல்செட்டு இப்போதே கழன்று விழட்டும், பூங்காவனம் வாத்தியாரின் குத்துச்சண்டைக் கொட்டகையில் கையுறையைத் தொடுமுன் இணையாக ஒருவனைக் கூட்டிவர வேண்டும், இருவர் இடுப்பையும் ஒரே துண்டால் பிணைத்துவிடுவார், ஒருத்தன் முன்னே வந்தா இன்னொருத்தன் பின்னே போவணும், துண்டு தொய்ஞ்சா நீ சோம்பேறி, இயுத்துக்கினா அவசரக்குடுக்கை, ரெண்டு பேருக்கும் மேடை கெடையாது என்பார், எனக்கோ மேடை வேண்டும், அந்த ஆசையில் சோறு இறங்காது, மீன்களுக்கு ஐஸ் உடைக்கும்போதுகூடக் கால்கள் முன்னும் பின்னும் போய்வரும், தனியாளுக்கு இங்க இன்னாடா வேல, போய் ஜோடியோட வா என்று வாத்தியார் துரத்தினார், மறுநாள் தேசிங்கு கிடைத்தான், எங்கிருந்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவன் கால்களைப் பற்றி நானே முதலில் நம்பவில்லை, ஈர மணலில் ஆடுவான், சுவடு விழாது, நிழல் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்து சேரும், எதிரெதிரே நின்று ஒருவர் தோளை ஒருவர் தொட்டுப் பழகுவோம், அவன் தொட்டு, கையை எடுத்து, வியர்வையைத் துடைத்து, ஒரு கொட்டாவியும் விட்ட பிறகுதான் என் தோளுக்குத் தெரியும், என் கையப் பாக்காத மாமு, இடுப்பப் பாரு, கை பொய் சொல்லும், இடுப்புக்குப் பொய் வராது என்று சிரிப்பான், நான் இடுப்பையே பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு சாயங்காலம் துண்டு என்னை மெல்ல உசுப்பியது, அவன் அசையுமுன்பே நான் நகர்ந்திருந்தேன், அலை போவதா கரை போவதா என்று தெரியாமல் நிற்கும் குழந்தைபோல மயிர் சிலிர்த்து நின்றேன், எந்தக் கால் என்னுடையது என்றே தெரியவில்லை.

மேடைக்கு ஆள் எடுக்கும் தேர்வன்று மழை, வாத்தியார் குடையோடு நிற்கிறார், துண்டு தரையில பட்டா அப்பிடியே வூட்டுக்குப் போய்டுங்க என்கிறார், நனைந்த துண்டு கனக்கிறது, தேசிங்கு துளிகளுக்கு இடையில் புகுந்து புகுந்து வருகிறான், அவன் விட்ட வழியில் நான், துண்டு மட்டும் சொட்டுகிறது, எங்கள் பனியன் இரண்டும் மொறமொறவென்று காய்ந்தே இருக்கின்றன, வாத்தியார் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றார், இந்தக் காலுங்கள இவ்ளோ நாளா எங்கடா வெச்சிருந்தீங்க, ஏறுங்கடா மேடையில, என்றார்.

மேடை ஒருவனுக்குத்தான், நீ போ மாமு, நான் மூலைல நிக்கறேன் என்று தேசிங்கு துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான், எதிரே துறைமுகத்து ஆரோக்கியம், ஒவ்வொரு குத்தும் லாரியிலிருந்து மூட்டை சரிவதுபோல, ஆனால் என் இடுப்பில் துண்டு இல்லை, இழுப்பு இருக்கிறது, இழுத்த பக்கம் போகிறேன், குத்து காற்றுக்குப் போகிறது, மறுபடி இழுக்கிறது, மறுபடி போகிறேன், கடைசியில் ஆரோக்கியம் கயிற்றில் சாய்ந்து, அண்ணாத்தே, ஒரே ஒரு தபா நில்லு, சும்மா தொட்டுட்டுப் போய்டறேன், வூட்ல கேப்பாங்க என்று கெஞ்சினான், நடுவர் என் கையைத் தூக்கினார், சனம் விசில் அடிக்கிறது, நான் தேசிங்கைத் தேடி மூலைக்குத் திரும்புகிறேன், யோவ், வயசான காலத்துல இன்னா குதி அங்க, துண்ட அவுத்துக் குடு, தோய்க்கணும், என்கிறாள் என் மனைவி ரெஜினா, தோ வரேன், ஒரு சுத்து, ஒரே சுத்து என்கிறேன், கால் முன்னே போகிறது, பின்னே வருகிறது, துண்டு காற்றில் தொங்குகிறது, தொய்யவும் இல்லை, விறைக்கவும் இல்லை, ஒரு முனை என் இடுப்பில்.

மறுமுனை, அன்றும் இன்றும், எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருக்கிறது.