இடம்பிடி அத்தை

படகுத்துறை வரிசையில் அத்தை போய் நின்றபோது கடைகள்கூடத் திறக்கவில்லை. வெயில் காலத்தில் இந்த ஊருக்கு வருகிறவனுக்குப் புத்தி கிடையாது என்று நேற்று அவளேதான் சொன்னாள். ஆனாலும் ஆசை கேட்கவில்லை. தையல் கடையில் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்த்த பெண்களோடு ஒரே ஒரு முறை வந்திருக்கிறாள். படகின் முன்பக்கம் உட்கார்ந்து, கரை வரும்வரை ஏரித் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டே போனாள். அன்று காக்கா குருவியைத் தவிர யாருமில்லை. இன்று ஏரியையே காணோம், தலைகள்தான் தெரிந்தன. போகட்டும், தண்ணீரில் இன்னொரு தடவை கை வைத்தால் போதும். அதற்காகத்தான் தம்பி காரின் பின்சீட்டில், பெட்டிகளுக்கு நடுவே காலை மடக்கிக்கொண்டு இத்தனை தூரம் வந்தாள்.

வீட்டில் அவளுக்கு 'இடம்பிடி அத்தை' என்றே பெயர். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டுவிடுவாள். ஓட்டல் மேசை, ஆஸ்பத்திரி பெஞ்சு, ரயில் பெட்டி, எங்கே போனாலும் தம்பி, அவன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என நாலு பேருக்கும் இடம் தயார். அவள் பக்கத்தில் நின்றுகொள்வாள். அதில் அவளுக்குப் பெருமை வேறு!

"எத்தனை பேரு?" கவுண்டர்க்காரன் தலையைத் தூக்காமல் கேட்டான்.

"நாலு."

காலமெல்லாம் சொல்லிப் பழகிய வாய், சொல்லிவிட்டது. சீட்டோடு கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகுதான் தன்னைச் சேர்க்காதது உறைத்தது. ஓடினாள். அதற்குள் இன்றைக்குச் சீட்டு முடிந்தது என்று பலகையை மாட்டிக் கதவைச் சாத்திவிட்டான்.

லாட்ஜில் சாவகாசமாகக் குளித்துச் சாப்பிட்டு வந்த தம்பி, விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "உன்னையே எண்ண மறந்துட்டியாக்கா? நல்ல கூத்து!"

யாராவது ஒருத்தர், நான் இருக்கேன் நீ போ என்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டி அவள் விரலிலிருந்து சீட்டுகளை உருவிக்கொண்டாள். "அண்ணிதான் ஏற்கெனவே பாத்தவங்களாச்சே."

"இல்ல, தண்ணில ஒரு வாட்டி கை வைக்கணும்னு..."

"பாட்டில்ல தண்ணி இருக்கு அத்தை," என்றாள் பெரிய பெண். எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சேர்ந்து சிரித்தாள், வெட்கங்கெட்டு.

"கார் நிறுத்துற எடத்துல ஒண்ணு பிடிச்சு வைக்கா," என்றான் தம்பி. "படகுல போயிட்டு வந்து லாட்ஜுல நிக்கிற காரை எடுத்துட்டு வரேன். இங்கயே சாப்பிட்டு அப்படியே ஊருக்குக் கிளம்பிடலாம்."

போனாள். காலியாக ஒரு இடம் கிடைத்தது. நடுவில் காலை அகட்டி நின்றுகொண்டாள்.

தடியூன்றிய கிழவர் ஒருவர் மூச்சு வாங்க வந்தார். "அம்மா, நான்தான் இங்க நின்னுட்டிருந்தேன். ஒரு வாய் தண்ணி குடிக்கப் போனேன். எடத்த விட்டுட்டேன்னு தெரிஞ்சா மருமகன் கத்துவாரும்மா."

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று அத்தைக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? "எடம் பிடிக்கிறவங்களுக்குத் தண்ணி என்ன கேடு? தள்ளி நில்லுங்க பெரியவரே!" என்றாள். சொன்னதும் நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

மருமகன் கார் வந்தது. "ஒரு எடம் பிடிக்கத் துப்பில்ல உங்களுக்கு!" அத்தனை பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டு, கிழவர் காலை மடக்கிப் பின்சீட்டில் ஏறினார். அத்தை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது தம்பி போனில் கூப்பிட்டான். "அக்கா, அந்தக் கரையிலேயே எறங்கிட்டோம். இங்கயே சாப்பிட்டுக்கறோம். எடம் வேணாம். நீ எதாச்சும் வாங்கிச் சாப்பிடு."

அந்தக் கிழவரின் கார் இன்னும் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கையைக் காட்டினால் போதும். அவள் காட்டவில்லை.

இன்னொரு காரிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். "உங்க கார் வருதாம்மா?"

"வரும்."

இடுப்பிலிருந்த கைக்குட்டையை எடுத்து, கொதிக்கிற தார்த்தரையில் விரித்து, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஹாரன்கள் அலறத் தொடங்கின.