ஈ-ஒன்றுக்கு மேலே ஈ-இரண்டு

1.

இந்தக் கதை ஒரு கேலிப் பேச்சில் பிறந்தது. பண்ருட்டியில் ஒரு பலகைக் கடை. எனக்கு முன்னால் நின்றவர், கைக்குழந்தையின் அறைக்கு அலமாரியும் கட்டிலும் செய்யப் பலகை பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் இரண்டை எடுத்துக் காட்டினார்.

"இது ஈ ஒன்னு, அது ஈ டூ. எது போடட்டும்ங்க?"

"நானே போன மாசந்தான் ஈ டூ ஆனேன். எம் பொண்ணுக்கு ஈ ஒன்னு போட்டா வூட்ல சோறு கிடைக்குமா?"

கடையே சிரித்தது. நானும்தான். (வெளியூர்க்காரர்களுக்கு: நெய்வேலி டவுன்ஷிப்பில் அதிகாரிகளின் பதவி ஈ-1, ஈ-2 என்று மேலே ஏறும். ஈ-2 என்றால் பிரமோஷன், ஸ்வீட் பாக்ஸ்.)

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பலகையில் கணக்கு தலைகீழ். மரத்தூளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கசிந்துகொண்டே இருக்கும்; கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல். குறைவாகக் கசிந்தால் ஈ-1. அதிகமாகக் கசிந்தால் ஈ-2. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதே அவர் ஈ-2 பலகையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் பெயர் தெரியாது. டவுன்ஷிப்பில் எந்த பிளாக் என்றும் தெரியாது.

அதனால் எழுதுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: "கடைக்காரன் செங்குட்டுவன் தெரிந்தே விஷத்தை..."

வேண்டாம். கடைக்காரர் 'எது போடட்டும்' என்று கேட்டுத்தானே கொடுத்தார்? வில்லன் இருந்தால் கதைக்கு வசதி, எனக்கும் நிம்மதி. இல்லையே.

இரண்டாம் தொடக்கம்: "புது அலமாரியின் வாசனை வீடெங்கும்..."

வாசனையாம்! கண்ணைக் கரிக்கிற நெடி அது.

சரி, பெயராவது வைக்கிறேன். பலகை வாங்கியவர் மணிமாறன், சுரங்கத்தில் இன்ஜினியர். மனைவி சண்முகப்பிரியா. மகள் எழில்மதி, இப்போதுதான் தவழ்கிறாள்.

3.

அலமாரியும் கட்டிலும் வந்த வாரமே குழந்தைக்குக் கண் சிவக்கிறது, இருமல் வருகிறது. மருந்துக்கு அடங்குகிறது. அறைக்குள் தூக்கிப் போனால் திரும்பிவிடுகிறது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கனகம் எட்டிப் பார்க்கிறார்.

"மைன்ஸ் தூசிதான் பிரியா. இந்த ஊர்ல வேற என்ன இருக்கு? ஜன்னல சாத்திக்கினு இரு, சரியாயிடும்."

(கனகத்தை முட்டாளாக்கிவிடலாம் என்று பார்த்தேன். மனசு வரவில்லை. காயப்போட்ட துணியில் கரி படிகிற ஊர் இது. கண் கரித்தால் நானும் நிலக்கரியைத்தான் திட்டுவேன்.)

ஜன்னல்களைச் சாத்துகிறார்கள். மே மாத வெக்கை. பலகை சூடேறச் சூடேற இன்னும் கசிகிறது. பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்த வாயுவுடனேயே அடைத்துவைக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த ஜன்னல்களை எழுதிச் சாத்துவது நான்தானே.

4.

ஒரு முடிவு: டாக்டர் வந்து, "வீட்ல புதுசா ஏதாவது வாங்குனீங்களா?" என்று...

அடித்துவிட்டேன். அந்த டாக்டர் என் பயத்துக்கு வந்தவர், குழந்தைக்கு வந்தவர் இல்லை.

இன்னொரு முடிவு: ஒருநாள் இருமல் நின்றது. ஏனென்றால்

எழுத மாட்டேன்.

கதையில் நடப்பது இவ்வளவுதான்: மணிமாறன் ஷிப்ட் முடிந்து வருகிறார். அறையில் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது.

"ஏன் பிரியா திறந்து வச்சிருக்க? காத்தப் பாரு, எவ்ளோ தூசி!"

"உள்ள இருந்தா எனக்கே மூச்சு முட்டுதுங்க."

"பாப்பா இருமறது கேக்கலையா? சாத்து முதல்ல."

அவள் போகிறாள். தாழ்ப்பாளில் கை வைக்கிறாள்.

5.

அடுத்த வாக்கியத்தை எழுதினால் ஜன்னல் மூடிவிடும். எழுதாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் டவுன்ஷிப்காரரா? புதிதாக ஈ-2 ஆனவர், வீட்டில் கைக்குழந்தை, புது அலமாரி: அப்படி யாரையாவது தெரியுமா? அவர் பெயர் மணிமாறன் இல்லை. அது நான் வைத்தது. போய்ச் சொல்லுங்கள்: ஜன்னலைத் திறங்க, குழந்தையை வேற ரூமுக்கு மாத்துங்க, அலமாரியையும் கட்டிலையும் வெளியே தூக்கிப் போடுங்க. முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது.

அதுவரை நான் இங்கே சண்முகப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் திமிறுகிறாள். உள்ளே அவள் பிள்ளை இருமுகிறது.