கொம்பு வைத்த எழுத்து

தம்பியைத் தெருவில் எல்லோரும் கொம்பன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் உருவாக்கிய எழுத்துரு அப்படி. கோதிக் பாணி: தடித்த நெடுங்கோடுகள், நடுவே மயிரிழைக் கோடுகள், முனைக்கு முனை முள்ளாக வளைந்த கொம்பு. பக்கம் பக்கமாக வாசிக்க ஆகாது. கடைப் பலகையில் ஒற்றைச் சொல்லாக நின்றால் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். வரைவது அவன், சுவரில் வைத்துச் சாயம் அடிக்க அதைத் தகட்டில் வெட்டுவது அக்கா.

அன்று மத்தியானம் கடைக்குள் வந்த ஆள் சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் பலகையைப் பார்த்தான். அடுத்த நொடி கொம்பனின் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான்.

“எங்க வீட்டுக் கதவுல ‘காலி பண்ணு’ன்னு அடிச்சது இந்த எழுத்துதானே?”

“எழுத்து என்னுதுதாண்ணே. அடிச்சது நானில்ல.”

“எங்கம்மாவ இழுத்துத் தெருவுல போட்டுட்டானுங்க. இடுப்பு ஒடிஞ்சு படுத்துக் கெடக்கா. அந்தத் தகட்ட யாரு வெட்டிக் குடுத்தா?”

“சத்தியமா தெரியாதுண்ணே.”

அவன் கொம்பனின் வலது கையை மேசைமேல் விரித்து, காகிதம் பறக்காமல் வைத்திருந்த இரும்புக் கட்டையை இறக்கினான். ஆள்காட்டி விரல் நொறுங்கியது.

கடையின் மூலையில் தகடு வெட்டிக்கொண்டிருந்த அக்காவுக்குத் தெரியும். போன வாரம் இரண்டு பேர் வந்து அந்தச் சொல்லை வெட்டித் தரச் சொன்னார்கள். எதற்கென்று புரியாமல் இல்லை. ஒருவன் இடுப்பில் செருகியிருந்த கத்தியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு வெட்டிக் கொடுத்தாள். தம்பியிடம் மூச்சு விடவில்லை.

கட்டை மறுபடி ஓங்கியது.

“அவன விடு. வெட்டினது நான்.”

வந்தவன் திரும்பினான். அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்துத் தூக்கினான். குதிகால் தரையை விட்டு எழும்பியது. கண் இருட்டிக்கொண்டு வரும்போது, கொம்பன் இடது கையில் இரும்பு அளவுகோலோடு பின்னால் நிற்பது தெரிந்தது. முதல் அடியில் ஆளின் காது கிழிந்தது. இரண்டாவது அடியில் விழுந்தான். கொம்பன் நிறுத்தவில்லை, கண்மண் தெரியாமல் அடித்தான்.

“போதும்டா, செத்துருவான்.” அக்கா அந்த ஆளின் மேல் குப்புற விழுந்தாள். அடுத்த அடி அவள் தோளில் இறங்கியது. தெரியாமல் விழுந்த அடியா, தெரிந்தே போட்டதா என்று அவள் தம்பியிடம் கேட்கவே இல்லை.

அந்த ஆள் பிழைத்தான். ஒரு காது போயிற்று. இரு பக்கமும் போலீசுக்குப் போகவில்லை. கொம்பன் கட்டுப்போட்ட கையோடு வீட்டில் கிடந்தான். அக்கா வைத்த சோற்றைத் தின்றான், முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சாய நீக்கித் திரவமும் இரும்புச் சுரண்டியும் எடுத்துக்கொண்டு அந்த ஆளின் வீட்டுக்குப் போனாள். தோள் கடுத்தது. கதவில் இருந்த எழுத்தின் கொம்புகளைச் சுரண்டத் தொடங்கினாள்.

“யாரும்மா அது?” உள்ளே கட்டிலில் இருந்து குரல் வந்தது.

“கதவச் சுத்தம் பண்ண வந்திருக்கேம்மா.”

பாதிச் சொல் போவதற்குள் பைக் ஒன்று வந்து நின்றது. அதே இரண்டு பேர்.

“வெட்டினவளே சுரண்டுறியா?” ஒருவன் அவள் பின்னந்தலையைப் பிடித்துக் கதவில் இடித்தான். முன்பல் உடைந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. அவள் திரும்பி, சுரண்டியை அவன் கன்னத்தில் பாய்ச்சி இழுத்தாள். அவன் அலறிய அலறலில் எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. ஒருத்தி உலக்கையோடு இறங்கினாள், பின்னால் இன்னும் நாலைந்து பேர். பைக் போன திசையில் கல் பறந்தது.

அவள் இரத்தத்தைத் துப்பிவிட்டு, மீதி எழுத்தையும் சுரண்டி முடித்தாள்.