இடப்பக்கப் பெடல்

பின்னால் உட்கார மாட்டேன் என்று அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"நான் என்ன சிமெண்ட் மூட்டையா, பின்னாடி வச்சுக் கட்டிட்டுப் போறதுக்கு?"

அவள் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கணவரைப் பார்த்தாள். இரண்டு பழைய சைக்கிள்களை வெட்டி, சட்டத்தோடு சட்டம் பற்றவைத்து, இருவர் முன்னும் பின்னுமாக மிதிக்கிற நீள வண்டி ஒன்றை அப்போதுதான் முடித்திருந்தாள். அவர் பின்னிருக்கையைத் தடவினார். அங்கிருந்து முன்னிருக்கை வரைக்கும் சாண் போட்டு அளந்தார்.

"இங்க உக்காந்தா உன் முதுகுதான் எனக்கு ஊரு உலகம் எல்லாம்," என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரும்பு நாற்காலியும் கட்டிலும் செய்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. தெருவில் எல்லோருக்கும் அவள் வெல்டர் அக்கா. அவர் ரொட்டி அண்ணன். சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு கடை கடையாக ரொட்டி போட்டவர். அவருடைய பார்வை ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது. வெகுநாள் யாரிடமும் சொல்லாமல் ஓட்டினார். ஒருநாள் காலையில், நின்றுகொண்டிருந்த வேன் ஒன்றில் நேராகப் போய் மோதினார். போனது போனதுதான், இருப்பதும் நிற்காது என்றார் டாக்டர். அதன்பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை.

கண் போனதை அவள் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டாள். அவளைக் கலக்கியது வேறு. கேட்டால் "ம்" என்பார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஜன்னலோர நாற்காலிக்கும் அவருக்கும் வித்தியாசம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. எப்படியாவது அவரைச் சாலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளே கைவிட்டுப் போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

நீள வண்டிக்கு முன்பே அகல வண்டி ஒன்றும் செய்து பார்த்தாள். பெஞ்சில் உட்காருவதுபோல இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிப்பது. அது சந்து முனையிலேயே சிக்கிக்கொண்டது. பின்னுக்கு இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எதிர்க்கடைத் தையல்காரர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே, "என்ன அக்கா, வீட்டையே உருட்டிட்டுக் கிளம்பிட்டீங்களா?" என்றார்.

மூன்றாவது வண்டிக்கு அவள் தலைகீழாக யோசித்தாள். ஓட்டுகிறவர்தான் முன்னால் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், தாழ்வாக, பட்டறையில் மிச்சமான ஈசிசேர் சட்டத்தில் ஒரு சாய்விருக்கை. அதில் அவர் கால் நீட்டி உட்கார்ந்து, மூக்குக்கு நேராக இருக்கும் பெடலை மிதிப்பார். பின்னால் உயரத்தில் அவள் உட்கார்ந்து அவருடைய தலைக்கு மேலாகச் சாலையைப் பார்ப்பாள். அவள் கைப்பிடியைத் திருப்பினால், வலப்பக்கமாக ஓடும் நீளக் கம்பி ஒன்று முன்சக்கரத்தைத் திருப்பும். அந்தக் கம்பிக்கு இடம்விட வேண்டியிருந்ததால், முன் சங்கிலியை இடப்பக்கம் கொண்டுபோனாள். அதற்காகப் பெடல்தண்டுகளை அப்படியே பக்கம் மாற்றிப் பொருத்தினாள்.

"கண்ணு தெரியாதவன முன்னாடி உக்கார வைக்கிறியா? உனக்கு மூளை கீளை பிசகிடுச்சா?"

"ஓட்டுறது நானு. காத்து வாங்குறது நீங்க. எப்படி வசதி?"

அவர் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

"ஒரு தடவை வரேன். ஒரே ஒரு தடவை. சரிப்படலன்னா இந்தப் பேச்சையே அப்புறம் எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். தையல்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "அண்ணே, தலகாணி வேணுமா?" என்றார். "வேணாம்பா, உன் சட்டைய மடிச்சுக் கொடு, உனக்கே அது அளவு சரியில்ல," என்று அவர் பதிலடி கொடுத்தார். பின்னால் அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வண்டி ஓடியது. அவருக்குச் சாலை முழுக்க மனப்பாடம். மேடு வருவதற்கு முன்பே "மேடு" என்றார். பள்ளத்துக்கு முன்பே கால் தளர்த்தினார். பள்ளிக்கூடத்தைத் தாண்டியதும் தலையைக் கொஞ்சம் திருப்பினார்.

"ஏய், இடது பெடல் ஆடுது."

எதிரே தண்ணீர் லாரி ஒன்று பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. அவளுடைய கண்ணெல்லாம் அதன்மேல்தான்.

"பெடல் ஆடல. பழக்கம் விட்டுப்போச்சு, உங்க கால்தான் ஆடுது."

லாரி கடந்தது. கொஞ்ச தூரம் போனபின் மறுபடியும், "இல்லடி, கோணிக்கிட்டு வருது," என்றார்.

"சும்மா மிதிங்க. நாலு பேரு பாக்குறாங்க."

அவர் மிதித்துக்கொண்டே போனார்.

சரிவு தொடங்கும் இடத்தில் பெடல் கழன்றது. அவருடைய கால் தரையில் இடித்து, வண்டிக்கடியில் மடங்க, இருவரும் பக்கவாட்டில் சாய்ந்தார்கள். அவருக்கு முழங்கை உரிந்தது, அவளுக்கு முட்டி. கூட்டம் கூடிவிட்டது. "கண்ணு தெரியாத மனுசன இப்படியா படுக்கப்போட்டு இழுத்துட்டுப் போவாங்க?" என்று ஒரு குரல். "பொம்பளைக்கு எதுக்கு இந்த விஷப்பரீட்சை?" என்று இன்னொன்று.

"அவ மேல தப்பு ஒண்ணுமில்ல," என்றார் அவர் தரையில் உட்கார்ந்தபடியே. "என் காலு நழுவிடுச்சு."

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பினார்கள். முழங்கையைக் கழுவிக்கொண்டு அவர் நேரே ஜன்னலோர நாற்காலிக்குப் போனார். "ஒரு தடவைன்னு சொன்னேன். வந்துட்டேன்," என்றார். அதோடு சரி.

பெடலையும் அதன் தண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு அவள் தம்பியின் லேத் பட்டறைக்குப் போனாள். தம்பி இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திருகு மரையை நகத்தால் வருடினான்.

"ஒடையல. மரையும் தேயல. தானா கழண்டிருக்கு."

"நல்லா இறுக்கினேன்டா. ஸ்பானரே வளையற மாதிரி."

"இறுக்கியிருப்ப. எந்தப் பக்கத்துத் தண்ட எந்தப் பக்கம் போட்ட?"

அவளுக்கே தெரிந்த விஷயம்தான். எந்த சைக்கிளிலும் இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கமாக ஓடும். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் அப்படி. தண்டுகளைப் பக்கம் மாற்றியபோது வலது மரை இடப்பக்கமும் இடது மரை வலப்பக்கமும் வந்துவிட்டன. அவர் மிதித்த ஒவ்வொரு மிதியும் இரண்டையும் கழற்றிக்கொண்டே போயிருக்கிறது; இடது முந்திக்கொண்டது. சைக்கிள் கடைக்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். அவள் கட்டில் செய்கிறவள். பற்றவைத்துவிட்டால் ஒட்டியது ஒட்டியதுதான், அப்புறம் அது கழலும் என்ற நினைப்பே அவளுடைய கைக்குக் கிடையாது.

தம்பி அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுக்கா," என்றான். "இன்னொரு தண்டையும் கொண்டா. ரெண்டுலயும் ஓட்டைய பெருசாக்கி, உள்ள புஷ் வளையம் போட்டு, மரைய மாத்தி வெட்டித் தரேன். மாமாகிட்ட பெடல் மட்டமான சரக்குன்னு சொல்லிடு. கடைக்காரன் தலைல கட்டிடுவோம். அவனுக்கு எதுவும் ஒட்டாது."

சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். தலையில் கட்டக் கடைக்காரன் இருந்தான். ஆனால் லாரிக்குப் பயந்துகொண்டு, பிறகு நாலு பேருக்காக, அவள் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகளை எவன் தலையில் கட்டுவது?

வீட்டில் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பெடலை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க காலு நழுவல. இதுதான் கழண்டுச்சு. நான் பக்கம் மாத்தி மாட்டிட்டேன்."

அவர் மரையை விரலால் தடவிப் பார்த்தார். சுற்றுச் சுற்றாக, நிதானமாக.

"நான் சொன்னேன்."

"சொன்னீங்க."

"ரெண்டு தடவை சொன்னேன்."

"ஆமா."

"நீ என் கால்தான்னு சொன்ன." அவருடைய குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். "சொன்னதும் நானும் நம்பிட்டேன் பாரு. என் காலு என்கிட்ட பொய் சொல்லுமா? ஆனா கண்ணு போனதுலேர்ந்து அடுத்தவன் சொல்றதுதான் எனக்கு சாட்சி. என்னை நானே நம்புறதில்ல."

அவர் பெடலைத் திருப்பித் தரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி புஷ் போட்டுக் கொடுத்தான். அவள் தண்டுகளைப் பொருத்தினாள். பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு வேலையும் செய்தாள். சாய்விருக்கையின் வலக்கைப் பக்கம் ஒரு பிரேக் பிடியைப் பற்றவைத்து, கம்பியைப் பின்சக்கரம் வரைக்கும் இழுத்தாள். அவரைக் கூட்டிவந்து, கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

"என்ன இது?"

"பிரேக்."

"அப்ப உனக்கு?"

"எனக்குத் தனியா இருக்கு. இது உங்களுது. நீங்க புடிச்சா நிக்கும். ஏன்னு கேக்க மாட்டேன்."

"நடு ரோட்டுல புடிச்சா?"

"நடு ரோட்டுல நிக்கும்."

அவர் உள்ளே போனார். அவளும் வற்புறுத்தவில்லை, பேச்சை எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். வண்டி முற்றத்தில் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது. ஒரு விடுமுறை நாளில், அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, சாக்கு கீழே விழும் சத்தம் கேட்டது. திரும்பினால், அவர் இடது பெடலைக் கையால் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரியா, இல்ல வேலை இருக்கா?" என்றார்.

இந்தத் தடவை சந்தையை ஒட்டிய பெரிய சாலை. பின்னால் பேருந்து, பக்கத்தில் வண்டிகள், நடுவில் தாழ்வாக அவர், உயரத்தில் அவள். மிதி சீராக வந்துகொண்டிருந்தது. திடீரென்று அவருடைய கை பிடியை இறுக்கியது. பின்சக்கரம் கிறீச்சிட்டு வண்டி நின்றுவிட்டது.

அவள் இரண்டு காலையும் ஊன்றினாள். முன்னால் பார்த்தாள். சாலை காலியாக இருந்தது. பள்ளம் இல்லை, நாய் இல்லை, மனிதர் இல்லை. பின்னாலிருந்து ஹாரன் காதைக் கிழித்தது. கடந்துபோன ஒருவன், "யோவ், கட்டில் போட ரோடுதான் கெடச்சுதா?" என்று கத்திவிட்டுப் போனான். கேள்வி அவளுடைய நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

அவர் இடது காலால் பெடலை அரைச்சுற்று பின்னுக்கும் அரைச்சுற்று முன்னுக்கும் உருட்டினார்.

"ஒண்ணுமில்ல," என்றார். "நிக்குதான்னு பாத்தேன்."

"நின்னுடுச்சு."

"ம்."

ஹாரன் மறுபடியும் அலறியது. அவருடைய விரல்கள் பிடியை இன்னும் விடவில்லை. அவள் காலை ஊன்றியபடியே, அவை தளரக் காத்துக்கொண்டு நின்றாள்.