ஜெனரலின் சாப்பாட்டுத் தட்டு

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் பாஸ்கரன் வீட்டு நாய்க்குட்டி உறுமினால் நாலு வீட்டுக்குத் தெரியும். மற்ற வீடுகளுக்கு அவரே போய்ச் சொல்லிவிடுவார். மூன்று மாதக் குட்டி, பெயர் ஜெனரல். மனிதர் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதனை பார்த்து ஓய்வு பெற்றவர். பரிசோதிக்க இப்போது வேறென்ன இருக்கிறது? குட்டி சாப்பிடும்போது பாதியில் தட்டை எடுப்பார். "யாரு எஜமான்னு இப்பவே தெரியணும்." அது பல்லைக் காட்டும். "பாத்தியா ரோஷத்தை!" என்று பூரித்துப்போவார்.

அவர் மனைவி அனுசுயாவுக்கு அந்த ரோஷம் பிடிக்கவில்லை. தட்டோரம் சிந்திய சோற்றைக் கூட்டப் போனபோது குட்டி துடைப்பத்தையே கவ்விக்கொண்டது. மகள் வித்யா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "பாப்பா தவழ ஆரம்பிச்சாச்சு. பத்து நாள்ல வரலாம்னு இருக்கேன். அது இப்படியே இருந்தா வரமாட்டேம்மா."

பாஸ்கரன் உடனே குமணன்சாவடியில் ஒரு கிடங்குக் காவலுக்குக் பத்தாம் நாள் குட்டியைக் கொடுப்பதாகப் பேசி முடித்தார். இனி காலமெல்லாம் சங்கிலிதான். அனுசுயா இரண்டு வேளை சாப்பிடவில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

மீன்கார அங்கம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"இன்னா சார், நீ துன்னும்போது ஒருத்தன் தட்டப் புடுங்குனா அவனக் கொஞ்சுவியா?"

"நாயும் நானும் ஒண்ணா?" என்றார் பாஸ்கரன்.

"அத்த நான் இன்னாத்துக்குச் சொல்லணும், நைனா?"

அனுசுயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அங்கம்மா அவள் பக்கம் திரும்பினாள். "யக்கா, தட்டாண்ட போவாத. எட்ட நின்னுகினு, முள்ளில்லாம வேவச்ச மீனு ஒரு துண்டு போட்டுட்டு வந்துகினே இரு. நீ வந்தா தட்டுலேர்ந்து எதுவும் போவாது, கூடத்தான் வரும்னு அதுக்குப் புரியணும். இப்பவே செய்யி. பெருசாயிட்டா ரொம்ப கஷ்டம்."

சாப்பாட்டு வேளைகளில் பாஸ்கரன் மாடிக்கு நாடு கடத்தப்பட்டார். அனுசுயா முதல் நாள் ஆறடி தள்ளி நின்று துண்டைப் போட்டாள். உறுமினால் இன்னும் ஓரடி பின்னால் போனாள். நாலாம் நாள் உறுமல் நின்றது. தொண்டை கட்டிக்கொண்டதோ என்றுகூடச் சந்தேகப்பட்டாள்.

ஒன்பதாம் நாள் தட்டுக்கு அருகிலேயே போனாள். காலடி கேட்டதும் குட்டி பாதிச் சோற்றிலிருந்து வாயை எடுத்தது. தானாகவே இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்து அவளை அண்ணாந்து பார்த்தது. மீன் துண்டை வைக்க அவள் கை தட்டுக்குள் போய்வந்தது. வால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

அனுசுயா அதன் தலையைத் தடவினாள். அடி இல்லை, அதட்டல் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற அந்தத் தலைக்குள் ஒரு பயம் எழுந்து போய், அந்த இடத்தில் நம்பிக்கை வந்து உட்கார்ந்திருக்கிறது! இத்தனை வருடக் குடித்தனத்தில் ஒரே ஒரு மனிதரிடம்கூட அவளால் இதைச் சாதிக்க முடிந்ததில்லை.

அந்த மனிதர் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பிறகு போனை எடுத்தார். "கிடங்குக்கு வேற நாய் பாத்துக்கப்பா. இது வராது."

அனுசுயா மகளை அழைத்தாள். "கெளம்பி வாடி. அது சாப்பிடுற நேரத்துல மட்டும் பாப்பா நம்ம இடுப்புலதான்."

"அதை என்னம்மா பண்ணினே?" என்றாள் வித்யா. "மீன் போட்டேன்" என்றாள் அனுசுயா. குட்டி இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.