நிற்கும்போது பதியாதே

நான்காம் நம்பர் புளோயர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தவள் நான்தான். ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பிரிவின் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ராட்சத விசிறி அது. உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அதன் அதிர்வு நான் வைத்த எல்லையைத் தாண்டினால், அதில் பொருத்திய கருவி தானாகப் பதிவு செய்யும். கண்டதற்கெல்லாம் பதிந்து என் உயிரை வாங்கியதால் இரண்டு கட்டளை போட்டு வைத்தேன்: மெஷின் நிற்கும்போது பதியாதே, கிளம்பும் முதல் ஒரு நிமிடமும் பதியாதே.

அந்த இடைவெளியில்தான் இசக்கிதுரை செத்தான். உள்ளே உட்கார்ந்து காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தவன். வெளியே காவல் நின்ற எலக்ட்ரீசியன் பொன்னுரங்கம், ஆள் வெளியே வந்துவிட்டான் என்று நினைத்து ஸ்விட்சைப் போட்டார். 'உள்ளே இருப்பதாக அவர் சிக்னல் கொடுக்கவில்லை. இறந்தவரின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதி மூடிவிட்டார்கள்.

கேன்டீனில் வேலை செய்யும் அவன் மனைவி அன்னக்கிளிக்கு அந்த ஒரு வரி பொறுக்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"அவிய தட்டாம இருக்கவே மாட்டாவ மேடம். உள்ள இருக்கேன்னு மூணு தட்டு தட்டுவாவ. வெளிய நிக்கவரு, கேட்டாச்சுன்னு ரெண்டு தட்டு திருப்பித் தட்டணும். ஒங்க கருவில இருக்கும்லா?"

இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் மேலேயே ஆத்திரம் வந்தது. அன்றைக்கே இரண்டு கட்டளையையும் அழித்தேன். எல்லையைக் குறைத்தேன். எல்லை தாண்டுவதற்கு முந்தைய ஐந்து விநாடியையும் சேர்த்துப் பதியச் சொன்னேன். போன உயிருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்துப் புளோயர் நின்றது. ஒன்று பத்துக்கு ஒரு பதிவு. திரையில் மூன்று கூரான கோடுகள், சம இடைவெளியில். உள்ளே ஆளில்லை. கதவில் என் பூட்டு, சாவி என் பையில். சூடான தகடு ஆறும்போது சுருங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தகடு எண்ணிப் பார்த்தா சுருங்கும்? அடுத்த நாளும் அதே ஒன்று பத்து, அதே மூன்று. அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு முறையும் மூன்றுக்குப் பிறகு இருபது விநாடி வெறும் கோடு. யாரோ பதிலுக்குக் காத்திருப்பதுபோல இருந்தது.

நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் பொன்னுரங்கத்தைப் புளோயரடிக்கே கூப்பிட்டேன். அன்னக்கிளியும் வந்து நின்றாள். என் கையில் லேப்டாப்.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே. அன்னிக்கு அவன் தட்டினானா இல்லையா?"

"இன்னா மேடம், எத்தினி வாட்டி சொல்றது? ஒண்ணியும் கேக்கல. எம் பொண்ணு மேல சத்தியம். கேட்டிருந்தா ஸ்விட்ச்ல கை வெப்பனா?"

கண் கலங்கிவிட்டது அவருக்கு. பொய் சொல்லும் முகமே இல்லை. நான் நம்பிவிட்டேன். அவர் புளோயர் கதவின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசிக்கொண்டே போனார்.

"நாலு வருசமா ஒண்ணா வேல செஞ்சிகினு இருந்தோம் மேடம். எனக்குத் தம்பி மாரி அவன்..."

உள்ளிருந்து மெல்லக் கேட்டது. டக். டக். டக்.

அவர் பேச்சு நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "...ஒரே டிபன் பாக்ஸ்ல துன்னுகினு இருந்தோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கதவின் மேல் இருந்த அவர் கை தன் பாட்டுக்கு இரண்டு தட்டு தட்டியது.

திரையில் மூன்று கோட்டுக்குப் பின்னால் இரண்டு கோடு விழுந்தது.

அன்னக்கிளி அந்தக் கையையே பார்த்தாள். குரல் உயரவே இல்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் தட்டுனியளா அண்ணாச்சி?"

பொன்னுரங்கம் பேச்சை நிறுத்தித் தன் கையைப் பார்த்தார்.